எந்த டேபிள் ஃபுல்?

போன மாசம் எங்களில் ஒருவரின் போனில் இடம் முடிந்துவிட்டது. பழைய வாட்ஸ்அப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகையில் 2021 ஒக்டோபர் மாதத்துப் போட்டோ ஒன்று அகப்பட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள். கீழ் ஓரத்தில் ஒரு வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. படத்தோடு ஒரு விளக்கமும் இல்லை, "இதை வாசிங்கோ" என்ற இரண்டு சொல்லைத் தவிர. அனுப்பியவன் அன்றைக்கே குரூப்பை விட்டுப் போய்விட்டான். நாங்கள் வாசிக்கவில்லை. மூன்று வருசத்துக்கு மேலாக வாசிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் போட்டோவை வாசித்த கதை. கொம்பியூட்டர் கட்டுரை என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். மெமரி என்றால் போனில் படம் வைக்கிற இடம் என்பதற்கு மேல் எங்களுக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது.

கொவிட் காலத்தில் கம்பஸ் மூடினதும் எல்லாரும் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தோம். வீட்டில் சிக்னல் இல்லை, இருந்தால் டேட்டா இல்லை, டேட்டா இருந்தால் தம்பி தங்கச்சியின் ஸ்கூல் வகுப்பு. உட்துறைமுகப் பக்கம் எங்களில் ஒருவரின் மாமாவுக்கு ஒரு கடை இருந்தது. படகு எஞ்சின் பார்ட்ஸ் விற்றவர். கடை பூட்டிக் கிடக்க, மேல்மாடி அறையை எங்களுக்குத் தந்தார். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். மூதூருக்குப் போற போட் சத்தம் கேட்கும். எதிர்க்கரையில் சீனக்குடா மரங்களுக்குள்ளே எண்ணெய்த் தாங்கிகள் சில மங்கலாகத் தெரியும். அந்தத் தாங்கிகளுக்குப் பிறகு வருவோம்.

அறைக்கு இரண்டு இணைப்பு. ஒன்று வயர் லைன். மற்றது டொங்கிளில் போட்ட ஒரு சிம். ஏன் இரண்டு? 2020இல் மூடல் தொடங்கினபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பிலிருந்த தளங்களுக்கும் அதன் சூம் வகுப்புகளுக்கும் டேட்டாக் காசு இல்லாமல் போக தொலைபேசி நிறுவனங்கள் வழிவிட்டிருந்தன. பிறகு மாணவர் பெக்கேஜுகள் வந்தன. ஆக வகுப்புக்குப் போகிற போக்குவரத்தை சிம் பக்கம் தள்ளினால் செலவு மிச்சம். மற்றதெல்லாம் வயரால் போகட்டும். இந்த யோசனை எங்களுடையது இல்லை. அவனுடையது.

அவன் எங்களோடு ஏ.எல். வரை படித்தவன். டெக் பிரிவு. கம்பஸ் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். யாரோ தூக்கியெறிந்த ஒரு பழைய டெஸ்க்டொப்பைக் கொண்டுவந்து, 256 எம்பி மெமரியோடு, டெபியன் லினக்ஸ் 8 போட்டு, அதையே ரவுட்டர் ஆக்கினான். இருபது பேருக்கு மேல் அந்த அறையில் படித்தார்கள். பக்கத்து லேன் பிள்ளைகள், டச்பே பக்கமிருந்து வந்த இரண்டு அக்காமார், ஏ.எல். பெடியள். ஆளுக்கு மாசம் கொஞ்சக் காசு. அவனுக்கு ஒரு சதமும் இல்லை. பிளேன்ரீ மட்டும்.

ரவுட்டர் என்ன செய்கிறது என்று அப்போது அவன் எங்களுக்குச் சொன்ன உதாரணத்தையே சொல்கிறோம். கண்டியில் ஒரு தபால்காரர் கடிதம் பிரிக்கிறார் என்று வையுங்கள். முகவரியில் "கிழக்கு மாகாணம்" என்று மட்டும் இருந்தால் ஒரு பையில் போடுவார். "திருகோணமலை 31000" என்று இருந்தால் வேறு பை. "நிலாவெளி" என்றும் இருந்தால் இன்னும் துல்லியமான பை. எது மிக நுணுக்கமாகப் பொருந்துகிறதோ அந்தப் பைதான் சரி. இந்தப் பைகளின் பட்டியல்தான் ரவுட்டிங் டேபிள். வீட்டு ரவுட்டரில் இரண்டு மூன்று வரிதான் இருக்கும்: வீட்டுக்குள்ளே போறது இது, மற்றதெல்லாம் வெளியே. அவன் எங்கள் மெஷினில் லேர்ன் முகவரித் தொகுதிகளையும் வகுப்பு நடக்கிற மற்ற முகவரிகளையும் சேர்த்து நானூறு சொச்சம் வரி போட்டிருந்தான். இதைத்தான் நாங்கள் "அவன்ட லிஸ்ட்" என்போம்.

லிஸ்ட் வேலை செய்தது. பில் குறைந்தது. ஆனால் ஐந்தாறு நாளைக்கு ஒருக்கால் ஒரு விநோதம் நடக்கும். சூம் வகுப்பில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே நேரம் பக்கத்தில் இருப்பவர் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை சுற்றிச் சுற்றி நிற்கும். மெஷினை ஓஃப் பண்ணிப் போட்டால் சரியாகிவிடும்.

இந்த இரண்டு அறிகுறியும் எவ்வளவு பெரிய சாட்சி என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

2021 ஒக்டோபரில் ஒரு நாள். பக்கத்து லேன் தங்கச்சி ஒருத்தி, வேறொரு கம்பஸில் முதலாம் வருசம், ஒன்லைன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, தாள்களைப் போட்டோ எடுத்து, அரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றப் போன நேரம் வெள்ளைத் திரை. அவள் அழ, நாங்கள் ஓட, ஒருவர் ஹொட்ஸ்பொட் போட, இன்னொருவர் மெஷினின் சுவிட்சை அமத்தப் போக, நேரம் முடிந்துவிட்டது.

அன்று பின்னேரம் அவன் கடையிலிருந்து வந்தான். எங்களில் ஒருவர் திரையில் வந்த செய்தியை ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார். அதில் "டேபிள் ஃபுல், டிரொப்பிங் பக்கெட்" என்று இருந்தது. டேபிள் நிரம்பிவிட்டது, வருவதைக் கீழே போடுகிறேன் என்று மெஷினே தன் வாயால் சொல்கிறது. வேறென்ன வேண்டும்?

"டேய், டேபிள் ஃபுல் எண்டு காட்டுது. உன்ட லிஸ்ட்தான் எல்லாத்தையும் திண்டுது."

"அது வேற டேபிள் மச்சான்."

நாங்கள் சிரித்தோம். சிரித்தோம் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தோம்.

எங்கள் கையில் இன்னும் இரண்டு ஆதாரம் இருந்தது. ஒன்று, மெமரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை. மொத்தம் 249 எம்பி, பாவித்தது 238, மிச்சம் 11. பதினொன்று! இரண்டாவது, இணையத்தில் தேடி எடுத்த ஒரு ஆங்கிலக் கட்டுரை. லினக்ஸ் ரவுட்டர்களில் ரவுட்டிங் கேஷ் பெருத்து மெமரியைத் தின்னும், அதனால் பக்கெட் விழும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கட்டுரையை அவனுக்கு வாசித்தும் காட்டினோம். ஆங்கிலத்தில். எங்களுக்குத் தெரியும், அவனுக்கு ஆங்கிலம் கஷ்டம் என்று.

அவன் கதிரையில் இருந்து சில கட்டளைகள் அடித்தான். போனால் ஒரு படம் எடுத்தான். லிஸ்ட்டை அழித்தான். மெஷினை ஓஃப் பண்ணிப் போட்டான். எழும்பிப் போனான். படம் குரூப்புக்கு வந்தது, பிறகு "லெஃப்ட்" என்று வந்தது.

அடுத்த ஆறு நாள் மெஷின் குதிரை மாதிரி ஓடியது. "பாத்தியா, லிஸ்ட்தான்" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். ஏழாம் நாள் திரும்பவும் வெள்ளைத் திரை. அப்போது வெக்கை என்றோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓஃப் பண்ணிப் போடுகிற வழக்கம் ஒன்று வந்தது, பூசை மாதிரி. லிஸ்ட் இல்லாததால் வகுப்பெல்லாம் வயரால் போய், மாசம் பாதியிலேயே டேட்டா முடிந்தது. காசைக் கூட்டினோம். இரண்டு பேர் வராமல் விட்டார்கள். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னோம்.

இனிப் போட்டோ.

மேல் பகுதியில் அந்த மெமரிக் கணக்கு. நாங்கள் பார்த்த அதே 249, 238, 11. ஆனால் அதே வரியில் இன்னும் இரண்டு எண்கள்: பஃபர் 21, கேஷ் 142. அதற்குக் கீழே நாங்கள் பார்க்காத இரண்டாவது வரி: பாவித்தது 75, மிச்சம் 174. கூட்டிக் கழித்துப் பார்த்தோம். 238இல் 21ஐயும் 142ஐயும் கழித்தால் 75. சரியாக வருகிறது. லினக்ஸ் சும்மா கிடக்கிற மெமரியை வீணாக விடாது, டிஸ்க்கில் வாசித்த ஃபைல்களை அதில் வைத்துக்கொள்ளும், யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். இதை மிச்சம் இல்லை என்று வாசிப்பது உலகம் முழுக்க நடக்கிற பிழை. அதனால்தான் 2014இல் கேர்னல் 3.14இலிருந்து "எடுக்கக்கூடியது எவ்வளவு" என்று தனியான ஒரு எண்ணையே சேர்த்தார்கள். எங்கள் பழைய டெபியனின் கட்டளை அந்தப் பத்தியைக் காட்டாது. ஆனால் இரண்டாவது வரியைக் காட்டியது. ஒரு வரி கீழே பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை.

(கேர்னல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமனம். மற்ற புரோகிராம்களைத் தெரிந்த மாதிரி இது எந்த லிஸ்ட்டிலும் ஒரு புரோகிராமாகத் தெரியாது. அது தனக்கென்று எடுக்கிற மெமரியைத் தேட வேறு இடத்துக்குப் போகவேண்டும்.)

அந்த வேறு இடம்தான் போட்டோவின் நடுப்பகுதி. ஸ்லாப்இன்ஃபோ என்று ஒரு ஃபைல். கேர்னல் தனக்கு வேண்டிய சின்னச் சின்னப் பொருள்களை ஒரே அளவான பெட்டிகளில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி: பெயர், இப்போது பாவனையிலுள்ள எண்ணிக்கை, எடுத்து வைத்திருக்கிற மொத்த எண்ணிக்கை, ஒன்றின் அளவு. முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம்.

இங்கேதான் சீனக்குடா. பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப் போன தாங்கிகளில் 99 மிச்சம். ஒவ்வொன்றும் சுமார் 10,000 டொன் பிடிக்கும். வெளியூர் ஆள் யாராவது வந்து 99 தாங்கி என்று கேள்விப்பட்டால், அம்மாடி இவ்வளவு எண்ணெயா என்பார். 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினபோது பிரித்த கணக்கு இது: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்த மேல் தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்து வருசமாகக் காலி, காட்டுக்குள்ளே துருப்பிடித்துக் கிடந்தவை. தாங்கி இருப்பது வேறு, எண்ணெய் இருப்பது வேறு. கேர்னலும் இப்படித்தான். ஒரு பொருளுக்கு இடம் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் எடுக்காது, 4 கேபி பக்கமாக எடுத்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும். சில பெட்டி காலியானாலும் பக்கம் முழுதாகத் திரும்பாது. மொத்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. பாவனை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் காலிப் பெட்டிக்கும் இடம் போகிறதுதானே.

(தாங்கிகளைப் பற்றி எங்களுக்கு வேறு கோபங்களும் உண்டு. அது இன்னொரு கட்டுரை.)

ரவுட்டிங் டேபிளுக்குரிய வரி ஐபி_ஃபிப்_எலியாஸ். பாவனையில் 431, மொத்தம் 496, ஒன்றின் அளவு 32 பைட். 496ஐ 32ஆல் பெருக்கினால் 15,872 பைட். பதினாறு கேபிகூட இல்லை. இது டேபிளின் ஒரு பகுதி மட்டும். முழுதையும் பார்க்க அவன் இன்னொரு ஃபைலைத் திறந்திருந்தான், ஃபிப்_ட்ரைஸ்டாட். ஸ்வீடன்காரர்களின் ஆராய்ச்சியிலிருந்து வந்த ஒரு மர அமைப்பில்தான் லினக்ஸ் ரவுட்டுகளை அடுக்குகிறது. அந்த மரத்தின் உடம்பு அளவு முழுக்க இதில் இருக்கும்: சராசரி ஆழம் எவ்வளவு, இலை எத்தனை, உள் கணுக்கள் எத்தனை, எதையும் சுட்டாத வெறும் சுட்டிகள் எத்தனை. இலைகள் 412. ரவுட்டுகள் 419. கடைசி வரி: மொத்த அளவு 33 கேபி.

முப்பத்து மூன்று கேபி. 249 எம்பியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்களில் ஒருவர் அனுப்புகிற குட்மோர்னிங் படம் இதைவிடப் பெரிது.

இதே விகிதத்தில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம், சும்மா. ஒரு ரவுட்டுக்கு 80 பைட் அளவில் வருகிறது. 2021இல் உலக இணையத்தின் முழு ரவுட்டிங் டேபிளே 8 இலட்சத்தைத் தாண்டி, 9 இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து அந்தக் குப்பை மெஷினில் கொட்டியிருந்தாலும் 70 எம்பி அளவில்தான் வந்திருக்கும். இடம் இருந்தது. மூச்சு வாங்கியிருக்கும், செத்திருக்காது. நாங்கள் நானூறு வரிக்கு அவனைக் கூண்டில் ஏற்றினோம்.

டேபிள் நிரம்பி உலகம் தடுமாறியதே இல்லையா என்றால், உண்டு. 2014 ஓகஸ்ட் 12. பெரிய நிறுவனங்கள் பாவித்த சில சிஸ்கோ ரவுட்டர்களில் ரவுட்டுகளை வைக்க ஒரு தனி வேக மெமரி இருந்தது. அதற்கு ஆரம்ப அமைப்பில் 512கே எல்லை, அதாவது 5,24,288 வரி. உலக டேபிள் அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் வெரைசன் தவறுதலாகக் கிட்டத்தட்ட 15,000 ரவுட்டுகளைக் கூடுதலாக வெளியே விட்டது. எல்லை தாண்டியது. பல இடங்களில் இணையம் இழுபட்டது. அந்த ரவுட்டர்களில் சாதாரண மெமரி மிச்சமாகத்தான் இருந்திருக்கும். நிரம்பியது அந்த ஒரு சின்ன அறை. வீடு காலியாக இருக்க ஒரு அறை மட்டும் நிரம்பலாம் என்பதை அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் பிடித்துக்கொண்டோம். பிறகு திரும்பவும் போட்டோவுக்குப் போனோம். எங்கள் வீட்டில் எந்த அறை?

ஸ்லாப்இன்ஃபோவில் இன்னொரு வரி. என்எஃப்_கொன்ட்ராக் என்று தொடங்குவது. பாவனையில் 15,944. ஒன்றின் அளவு 240 பைட். பெருக்கினால் 4 எம்பிக்குக் குறைவு. மெமரியில் இதுவும் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வகைக்கு மட்டும் கேர்னல் ஒரு தலை எண்ணிக்கை விதித்திருக்கிறது. மெஷினின் மெமரியைப் பார்த்துத் தானாகவே வைக்கிற எண்ணிக்கை. 256 எம்பி மெஷினுக்கு அது ஏறத்தாழ 16,000. பெரிய மெஷினில் போட்டால் அதுவும் பெரிதாகும்.

கொன்ட்ராக் என்பது யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்ற பதிவேடு. இருபது போன் ஒரே வாசலால் வெளியே போகும்போது, திரும்பி வருகிற பதில் யாருடையது என்று தெரிய இந்தப் பதிவேடு வேண்டும். புதிதாக ஒரு பேச்சுத் தொடங்கினால் புதிதாக ஒரு வரி. பதிவேடு நிரம்பினால் புதிய பேச்சுக்கு இடமில்லை, பக்கெட் கீழே விழும். ஏற்கனவே பதிந்தவர்கள் சுகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடந்துகொண்டிருந்த சூம் கேட்டதும், புதிய பக்கம் திறக்காததும், ஓஃப் பண்ணிப் போட்டால் சரியானதும் இதனால்தான். மெஷின் அந்த அறிகுறிகளை வாராவாரம் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

போட்டோவின் அடியில் பாதியில் வெட்டுப்பட்ட வரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். "என்எஃப்_கொன்ட்ராக்: டேபிள் ஃபுல்". நாங்கள் அவனிடம் காட்டின அதே செய்தி. டேபிளுக்கு முன்னால் அதன் பெயரும் இருந்திருக்கிறது. நாங்கள் பெயரை விட்டுவிட்டு "டேபிள் ஃபுல்" என்பதை மட்டும் வாசித்திருக்கிறோம். அது வேற டேபிள் மச்சான்.

ஏன் நிரம்பியது? ஒருவர் ஒழுங்காக விடைபெற்றுப் போனால் அவருடைய வரி சீக்கிரம் அழியும். சொல்லாமல் போனால்? லினக்ஸ் அப்படியே காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்றால், ஒன்றும் மாற்றாவிட்டால் 432,000 விநாடி. அதாவது ஐந்து நாள். எங்கள் டொங்கிள் ஒரு நாளைக்குப் பலமுறை விழுந்து எழும்பும். ஒவ்வொரு முறையும் அதன் வழியே இருந்த பேச்சுக்கள் எல்லாம் விடைபெறாமல் செத்துப்போகும். மற்றப் பக்கம் இருப்பவர் அனுப்புகிற விடைபெறுதலும் எங்களிடம் வந்து சேராது. செத்தவர்களின் பெயர் ஐந்து நாளைக்குப் பதிவேட்டில் இருக்கும். ஐந்தாறு நாளைக்கு ஒருக்கால் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

டொங்கிள் மட்டுமே இவ்வளவுக்கும் காணாது. இருபது பேர் வகுப்புப் பார்த்து 16,000 வரி எப்படி வரும் என்று யோசித்தோம். அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார், இரவு நேரத்தில் டொரன்டில் படம் இறக்கினதாக. ஒரு டொரன்ட் ஓடினால் நூற்றுக்கணக்கான முன்பின் தெரியாத மெஷின்களோடு கைகுலுக்கும். அதில் பாதி சொல்லாமல் போகும். யார் அந்த ஒருவர் என்பதை எழுதப் போவதில்லை. நாங்கள் என்றுதான் எழுதுகிறோம், நாங்கள் என்றே இருக்கட்டும். ஆனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறோம்: அன்று பின்னேரம் அவனைப் பார்த்துக் கூடச் சத்தம் போட்டவரும் அவர்தான்.

நாங்கள் வாசித்துக் காட்டிய அந்த ஆங்கிலக் கட்டுரை? அதையும் தேடினோம். கட்டுரை பிழையில்லை. காலம்தான் பிழை. 2000களில் எழுதியது. அப்போது லினக்ஸ் ஒவ்வொரு இலக்குக்கும் கண்ட வழியை ஒரு கேஷில் சேர்த்து வைத்தது, அது பெருத்துத் தொல்லை கொடுத்தது உண்மை. 2012இல் கேர்னல் 3.6 வந்தபோது அந்தக் கேஷையே தூக்கிவிட்டார்கள். எங்கள் மெஷினில் ஓடியது 3.16. போட்டோவில் அவன் அந்த வரியையும் விடாமல் எடுத்திருந்தான்: ஐபி_டிஎஸ்டி_கேஷ், 38. முப்பத்தெட்டே முப்பத்தெட்டு. நாங்கள் சொன்ன ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அந்தப் படத்தில் ஒரு வரி பதில் இருந்தது.

எங்களில் இரண்டு பேர் வரலாறு சிறப்புப் பாடம். ஒரு மூலத்தைக் கையில் எடுத்தால் முதலில் அதன் காலத்தைப் பார் என்று முதலாம் வருசத்திலிருந்து காதில் ஓதுகிறார்கள். போர்த்துக்கேயர் கோட்டை கட்டின குறிப்பை வைத்து ஒல்லாந்தர் காலத்தை எழுதினால் மார்க் கிடைக்குமா? ஒரு கட்டுரையின் திகதியைப் பார்க்காமல் ஒரு ஆளை வெளியே அனுப்பினோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய். அவன் சொன்னதை எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போம். "வேற டேபிள்" என்று கம்பஸ் போற யாராவது சொல்லியிருந்தால், சரி எந்த டேபிள் என்று ஒரு கேள்வியாவது வந்திருக்கும். அவன் போன் கடைப் பெடியன். நாங்கள் ஆங்கிலக் கட்டுரை வைத்திருந்தவர்கள். அறையில் அந்த மெஷினைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவன், அறையில் ஆகக் குறைவாக நம்பப்பட்ட ஆளும் அவன்தான். பத்து வருசம் ஒன்றாக மக்கெய்சர் மைதானத்தில் பந்தடித்தவர்கள் நாங்கள்.

2022இல் அவன் கட்டார் போய்விட்டான். அந்த வருசம் நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவன். போகும்போது எங்களுக்குச் சொல்லவில்லை. அவனுடைய அம்மாவைக் கோயிலில் கண்டால், "பிள்ளையள் கதைக்கிறனீங்களா?" என்று கேட்பா. "ஓம் அம்மா" என்போம்.

போட்டோவை வாசித்து முடித்த இரவு அவனுக்கு எழுத உட்கார்ந்தோம். நாலு பேர், ஒரு போன். முதலாவது எழுதினது நீளம், எண்கள் எல்லாம் போட்டு, எங்களுக்கும் இப்போது விளங்கும் என்று காட்டுகிற மாதிரி. அழித்தோம். இரண்டாவது பகிடி மாதிரி. அதையும் அழித்தோம். கடைசியில் போனது இவ்வளவுதான்: "மச்சான், போட்டோவை இப்பதான் வாசிச்சம். லிஸ்ட் இல்லை. எங்கட பிழை. டொரன்டும் எங்கடதான். மன்னிச்சுக்கொள்."

இரண்டு நாளாக நீல டிக் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் விடியப்புறம், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருப்பான் போல, ஒரு வரி வந்தது.

"அந்தத் தங்கச்சி பேப்பர் திருப்பி எழுதினவாவா?"

எழுதினவா, பாஸ், இப்ப கடைசி வருசம் என்று போட்டோம்.

கொஞ்ச நேரத்தால் இன்னொன்று. "டைம்அவுட்டைக் குறைச்சிங்களா? 7440 காணும். லிமிட்டையும் கூட்டலாம், மெமரி கிடக்குதுதானே."

7,440 விநாடி என்றால் இரண்டு மணி நாலு நிமிசம். இப்படிப்பட்ட பெட்டிகள் குறைந்தது அவ்வளவு நேரமாவது ஒரு பேச்சை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று இணைய விதி ஒன்றில் இருக்கிறது. தேடிப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுக்கு அது நினைவில் இருந்தது.

அறை 2022இலேயே மூடியாயிற்று. மெஷின் மாமாவின் படிக்கட்டுக்குக் கீழே, சாக்கால் மூடிக் கிடந்தது. அன்று பின்னேரம் போய்த் தூசி தட்டி, திரை ஒன்றை இரவல் வாங்கி, கரண்ட் கொடுத்தோம். இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டு எழும்பியது. பார்த்தால் எண் அப்படியே இருக்கிறது, 432,000. மாற்றி 7440 அடித்தோம். லிஸ்ட்டின் ஒரு கொப்பியை அவன் அழிக்காமல் வேறொரு ஃபோல்டரில் வைத்திருந்தான். அதையும் ஏற்றினோம். திரையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினோம், இந்த முறை அடி வரி வெட்டுப்படாமல்.